நோவயா ஸெம்லியாவில் ஒரு கிரகணம்

கிரகண காலத்தில் ஊர் விட்டு ஊர் போவது நமக்குப் புதிய வழக்கமன்று. இராமேசுவரத்துக் கடற்கரையிலும் குருட்சேத்திரத்துக் குளக்கரையிலும் கிரகணத்தன்று நீராடத் திரளும் கூட்டத்தை நாம் அறிவோம். இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது, கடல்நீரே உறைந்து கிடக்கும் வட கோடிக்குக் கிரகணம் பார்க்கப் போன சிலருடைய வரலாறு. அவர்கள் போனது 1896ஆம் ஆண்டில். போனவர்களுள் பெரும்பாலோர் கண்டது மேகத்தைத்தான். ஒரு சிறு கூட்டத்தார் மட்டும், ஏறக்குறைய ஒரு வினாடி நேரமே நிலைக்கும் ஓர் ஒளியைக் கண்ணாடித் தகட்டில் பிடித்துக்கொண்டு திரும்பினர். அந்த ஒரு வினாடிக்காக வானநூலார் இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தனர்.

இருந்த இடத்திலேயே இருந்து கிரகணம் பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். பார்க்கலாம், ஆனால் அரைகுறையாகத்தான். சூரியன் ஒரு பக்கம் கடித்த அப்பம்போல் ஆவதையும், மரத்தடி நிழலில் விழும் ஒளிப்புள்ளிகளெல்லாம் பிறைகளாக மாறுவதையும் ஒருவர் தம் வாழ்நாளில் பல தடவை காண முடியும். பூரண கிரகணம் அத்தகையதன்று. சந்திரனுடைய நிழலின் கூர்முனை பூமியைத் தொடும் இடம் நூறு அல்லது இருநூறு கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு நீண்ட கீற்று. அக்கீற்றுக்குள் நிற்பவருக்கே சூரியன் முழுவதும் மறையும். குறிப்பிட்ட ஓர் ஊரின்மீது அக்கீற்று ஒரு தடவை விழுந்தால், மறு தடவை விழுவதற்குச் சராசரியாக 350 ஆண்டுகளுக்கு மேலாகும். எனவே, கிரகணம் நம்மைத் தேடி வரட்டும் என்று வாளாவிருப்பவர் அதைக் காணாமலே போவார்.

1896 ஆகஸ்டு 9ஆம் நாள் இந்த நிழற்கீற்று நார்வே நாட்டின் வட பகுதியில் ஏறி, பாரென்ட்ஸ் கடலைக் கடந்து, நோவயா ஸெம்லியா என்னும் ஆர்க்டிக் தீவின்மீது படர்ந்து, சைபீரியாவைக் குறுக்காக அளந்து, ஜப்பானின் வட தீவாகிய ஹொக்கைடோ வழியாகப் பசிபிக் மாகடலில் இறங்கிற்று. வழி நெடுகப் பார்த்தால் மனிதர் வசதியாகத் தங்கக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. ஆயினும் அவ்வாண்டு இங்கிலாந்து, ரஷ்யா, அமெரிக்கா, பிரான்சு முதலிய நாடுகளிலிருந்து வானநூலார் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டனர். மூன்று நிமிடத்துக்கும் குறைந்த இருளுக்காக இவ்வளவு பாடு எதற்கு? இதை விளக்கக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

எரிகின்ற அடுப்பில் சிறிது உப்பைத் தூவினால் சுவாலை மஞ்சளாகப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பிலுள்ள சோடியத்தின் நிறம் அது. ஒவ்வொரு மூலப்பொருளும் சூடேறி ஆவியாகும்போது தனக்கே உரிய நிறக்கோடுகளை வீசும். முப்பட்டகக் கண்ணாடியின் வழியாகப் பார்த்தால் அவை தனித்தனியே தெரியும். சூரிய ஒளியை அதே கண்ணாடியின் வழியே செலுத்தினாலோ, வானவில் போன்ற நிறமாலையின் குறுக்கே நூற்றுக்கணக்கான கரிய கோடுகள் காணப்படுகின்றன. இக்கோடுகள் யாவை என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1859இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிர்க்ஹோப் என்னும் பேராசிரியர் விடை கண்டார். சூரியனின் உள்ளிருந்து வரும் ஒளியில் எல்லா நிறமும் உண்டு; அதனைச் சூழ்ந்துள்ள சற்றே குளிர்ந்த ஆவிகள் தத்தமக்குரிய நிறங்களை வழிமறித்துக்கொள்கின்றன; மறிக்கப்பட்ட இடங்களே கரிய கோடுகள். இரும்பு, சோடியம், கால்சியம் முதலியன சூரியனில் உள்ளன என்பது இவ்வாறு தெரிய வந்தது.

விடை சரியானால் அதிலிருந்து ஒரு முடிவு பிறக்க வேண்டும். சூரியனின் உடலை ஒரு திரையிட்டு மறைத்து, சூழ்ந்திருக்கும் ஆவியை மட்டும் பார்க்க முடியுமானால், அதே கோடுகள் கரியனவாக அல்லாமல் ஒளி வீசுவனவாகத் தெரிய வேண்டும். அத்தகைய திரையை நாம் எங்கே போய்த் தேடுவது? சந்திரன்தான் திரை. பூரண கிரகணம் தொடங்கும் கணத்தில், சூரியனின் கடைசி விளிம்பை மூடிவிட்ட சந்திரன், அதன்மேல் படிந்துள்ள ஆவியை இன்னும் மூடாமல் நிற்கும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரம் ஓரிரண்டு வினாடி. அப்புறம் அதுவும் மறைந்துவிடும். கிரகணம் முடியும் கணத்தில் இன்னொரு தடவை எதிர்ப்பக்கத்தில் தோன்றும். அவ்வளவுதான்.

1870 டிசம்பர் 22ஆம் நாள் கிரகணத்தை இதற்காகவே பலர் எதிர்நோக்கியிருந்தனர். அந்நாளைய வரலாறு மிகவும் சுவையானது. பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், ஜெர்மானியப் படைகளால் முற்றுகையிடப்பட்டிருந்த பாரிஸ் நகரத்திலிருந்து ஓர் ஆகாயப் பலூனில் ஏறித் தப்பி, வட ஆப்பிரிக்காவிலுள்ள ஓரான் நகரத்தை அடைந்தார். அங்கே மேகம் மூடிக்கொண்டது. ஆங்கில அறிஞர் நார்மன் லாக்கியர் சிசிலித் தீவுக்குப் போனார். அவரும் கூட்டத்தாரும் சென்ற கப்பல் கரையருகே பாறையில் மோதிற்று. உயிர் பிழைத்துக் கரையேறியும் அவருக்குக் கிரகணம் மேகத்தினூடே ஓரிரு வினாடிகளே தெரிந்தது. ஸ்பெயின் நாட்டில் ஜெரெஸ் என்னுமிடத்தில் நின்ற அமெரிக்கர் சார்லஸ் யங் பேறு பெற்றவர். கரிய கோடுகள் நிறைந்த நிறமாலையை அவர் உற்று நோக்கிக்கொண்டிருக்கையில், சூரியனின் கடைசித் துளி மறைந்ததும், கோடுகள் அனைத்தும் ஒருங்கே பளிச்சென ஒளிர்ந்து அணைந்தன. அவர் கண்ட காட்சிக்குப் பிற்காலத்தார் 'மின்வீச்சு நிறமாலை' என்று பெயர் வைத்தனர். சூரியனைச் சுற்றி மெல்லிய ஆவிப் போர்வை ஒன்று உண்டு, கரிய கோடுகள் யாவும் அதனால் உண்டாவன என்று யங் முடிவு கட்டினார்.

லாக்கியர் இதை ஒப்பவில்லை. லாக்கியர் சாதாரண மனிதர் அல்லர். 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான இதழை 1869இல் தோற்றுவித்தவர்; சூரிய ஒளியில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு பூமியில் அறியப்படாத ஒரு பொருளுக்கு உரியது என்று துணிந்து, அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டவர். அந்த மஞ்சள் கோடு 1868 ஆகஸ்டில் நம் நாட்டில் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கிரகணம் பார்த்தவர்களின் கண்ணில் பட்டது என்பதை இங்கே நினைவுகூரலாம். ஹீலியம் என்பது வெறுங் கற்பனை என்று பலர் நகைத்தனர். 1895இல் இராம்சே என்பார் ஒரு கனிப்பொருளிலிருந்து அதனைப் பிரித்தெடுத்த பிறகுதான் நகைப்பு அடங்கிற்று. இத்தகைய லாக்கியர், மெல்லிய ஒரே போர்வை என்ற கொள்கையை மறுத்து, வெவ்வேறு கோடுகள் வெவ்வேறு உயரங்களில் உண்டாகின்றன என்று சொன்னார். இருவரில் எவர் சொல்வது சரி?

நேயர்களே, இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். யங் கண்டது மெய். ஆனால் நூற்றுக்கணக்கான கோடுகள் இரண்டு வினாடிக்குள் தோன்றி மறையும்போது, எல்லாம் ஒளிர்ந்தனவா, சில மட்டும் ஒளிர்ந்தனவா, எவை நீளமாக நின்றன, எவை குறுகி நின்றன என்று மனிதக் கண்ணால் எண்ணிச் சொல்ல முடியுமா? அரங்கத்தில் ஒரு கணம் விளக்கேற்றி அணைத்துவிட்டு, எத்தனை பேர் தலைப்பாகை கட்டியிருந்தார்கள் என்று கேட்பது போன்றது அது. சான்று வேண்டும், திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து அளக்கக்கூடிய சான்று. அதாவது புகைப்படம்.

அதற்கென்று ஒரு கருவியும் வந்தது. பட்டகக் காமிரா என்று அதைச் சொல்லலாம். வழக்கமான நிறமாலைக் கருவியில் ஒளி ஒரு மெல்லிய பிளவின் வழியே நுழையும். கிரகணத்தின்போதோ சூரிய விளிம்பே நூலிழைபோல் மெலிந்துவிடுவதால் தனியே ஒரு பிளவு வேண்டுவதில்லை. காமிராவின் முன்னே ஒரு முப்பட்டகத்தைப் பொருத்திவிட்டால் போதும். கோடுகள் நேர்க்கோடுகளாக விழாமல் பிறை வடிவ வளைவுகளாக விழும். அந்த வளைவின் நீளத்தைக் கொண்டே எந்த ஆவி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். இந்தக் கருவியைக் கிரகணத்துக்குப் பயன்படுத்துவதில் முன்னின்றவர் லாக்கியரே. 1893இல் அவருடைய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இருவர், ஒருவர் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மற்றவர் பிரேசிலிலும், இக்கருவியுடன் நின்றனர். நல்ல படங்கள் பல கிடைத்தன. அந்த முதற் கணம் மட்டும் பிடிபடவில்லை. பிரேசிலுக்குச் சென்றவர் பெயர் வில்லியம் ஷேக்கிள்டன். தென் துருவ யாத்திரையால் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற எர்னஸ்டு ஷேக்கிள்டன் வேறு, இவர் வேறு. இவருடைய பெயரை இன்று நினைப்பவர் மிகச் சிலர்.

இனி 1896க்கு வருவோம். நார்வேயின் வடகிழக்குக் கோடியில், எழுபதாவது அட்சரேகைக்கு அருகில், வாட்ஸோ என்று ஒரு சிற்றூர். திமிங்கில வேட்டைக்குப் பேர் போனது. வெடிகுண்டு பொருத்திய ஈட்டியைப் பீரங்கியால் எறிந்து திமிங்கிலத்தைக் கொல்லும் முறையை உருவாக்கிய ஸ்வென் போயின் தம் தொழிலை நடத்திய இடம் அதுவே. மீன் எண்ணெய் நாற்றம் வீசும் அவ்வூர் அந்த ஆகஸ்டு மாதத்தில் ஓர் அறிஞர் பேரவையாக மாறிற்று. பிரிட்டிஷ் வானநூல் சங்கத்தார் 'நார்ஸ் கிங்' என்னும் கப்பலில் வந்து இறங்கினர். லாக்கியர் அருகிலுள்ள கியோ என்னும் தீவில் பாசறை அமைத்தார். 'வொலாஜ்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அவருக்குத் துணை நின்றது. லாக்கியர் அக்கப்பலின் அதிகாரிகளையும் மாலுமிகளையும் கூட்டி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை கொடுத்து, நாள்தோறும் ஒத்திகை நடத்தினார். ஒருவர் வினாடிகளை உரக்க எண்ணுவார். ஒருவர் காமிராத் தகட்டை மாற்றுவார். சிலர் ஒளிமகுடத்தை வரைவர். சிலர் கண்ணுக்குத் தென்படும் விண்மீன்களைக் குறிப்பர். பீரங்கி இயக்கும் கட்டுப்பாட்டோடு விஞ்ஞானப் பணி நடைபெற வேண்டும் என்பது அவர் கொள்கை. கிரகணத்துக்கு ஒத்திகை உண்டு. மறு ஆட்டம் கிடையாதல்லவா?

குறித்த நாள் விடியற்காலை வந்தது. அம்மாதத்தில் அங்கே இரவு என்பது நீண்ட அந்திப்பொழுதே. கருவிகள் எல்லாம் உரிய திசையை நோக்கி நின்றன. ஆட்கள் எல்லாரும் தத்தம் இடத்தில் நின்றனர். வானத்தில் மேகம் நின்றது. விலகவே இல்லை. உரிய நேரத்தில் இருள் வந்து கவிந்தது. உரிய நேரத்தில் நீங்கிற்று. மேகத்துக்குமேல் கிரகணம் கணக்குப் பிசகாமல் நடந்து முடிந்தது. கீழே, உலகத்தின் சிறந்த கருவிகளோடு, உலகத்தின் சிறந்த வானநூலார் சிலர் இருட்டில் நின்றுகொண்டிருந்தனர். லாக்கியருக்கு அப்போது வயது அறுபது. யங்கின் காட்சி மெய்யா பொய்யா என்று தாமே சோதிக்க விரும்பிய அவரை 1870இல் போலவே இத்தடவையும் மேகம் மறைத்தது.

உலகின் மறுபுறத்திலும் இதே கதைதான். அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் டாட், 'காரனெட்' என்னும் பாய்மரக் கப்பல் பசிபிக் மாகடலைக் கடந்து சென்ற யாத்திரையில் ஹொக்கைடோத் தீவை அடைந்து, இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் தாமாகவே இயங்கும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மேகம் அவற்றுக்கும் இரங்கவில்லை.

வாட்ஸோவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்ததை இப்பொழுது பார்ப்போம். ஸர் ஜார்ஜ் பேடன்-பவல் என்பவர் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த இராபர்ட் பேடன்-பவலின் அண்ணன். அவரிடம் 'ஒட்டேரியா' என்னும் நீராவிக் கப்பல் ஒன்று இருந்தது. செல்வர்கள் உல்லாசப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அது. எல்லாரும் வாட்ஸோவுக்குப் போகையில் நாம் இன்னும் கிழக்கே போனால் என்ன என்று அவர் நினைத்தார். ஆக்ஸ்போர்டின் இராட்கிளிப் வானிலையத் தலைவரான ஸ்டோன் என்னும் முதியவரும், நாம் முன்பு கண்ட வில்லியம் ஷேக்கிள்டனும் அவருடன் கப்பலேறினர். இடம் தேர்ந்தது யூகத்தால்தான். மேகம் எங்கே கவியும், எங்கே விலகும் என்று முன்கூட்டிச் சொல்ல அந்நாளில் எவராலும் இயலாது. ஆனால் எல்லா விதைநெல்லையும் ஒரே வயலில் கொட்டக் கூடாது என்பதை உழவர் அறிவர். ஸர் ஜார்ஜும் அறிந்திருந்தார்.

நோவயா ஸெம்லியா என்பதற்கு ரஷ்ய மொழியில் 'புதிய நிலம்' என்று பொருள். பெயர்தான் புதிது, மண் மிகப் பழையது. ஒரு குறுகிய நீரிணையால் பிரிக்கப்பட்ட இரண்டு பெருந்தீவுகள், வடக்குத் தெற்காக ஏறக்குறைய 900 கிலோமீட்டர் நீண்டு கிடக்கின்றன. மரம் இல்லை. வட பகுதியை என்றும் உருகாத பனிப்பாறை மூடியிருக்கிறது. அக்காலத்தில் நெனெட்ஸ் மக்களின் சில குடும்பங்கள் வேட்டையாடி வாழ்ந்தன. சூரியனைப் பற்றிய வியப்பான செய்தி ஒன்று இத்தீவோடு தொடர்புடையதாய் முன்பே இருந்தது. சரியாக 300 ஆண்டுகளுக்கு முன், 1596இல், வில்லெம் பாரென்ட்ஸ் என்னும் டச்சு மாலுமியும் அவர் கூட்டத்தாரும் கப்பல் பனியில் சிக்க, இத்தீவின் வடகிழக்குக் கரையில் மிதவைக் கட்டைகளால் ஒரு குடில் அமைத்து மாரிக்காலத்தைக் கழித்தனர். நவம்பர் தொடக்கத்தில் மறைந்த சூரியன், கணக்கின்படி பிப்ரவரியில்தான் மீண்டும் தோன்ற வேண்டும். ஆனால் 1597 ஜனவரி 24ஆம் நாளே அவர்களுள் சிலர் சூரிய விளிம்பைக் கண்டனர்! இரண்டு வாரம் முன்னதாகச் சூரியன் உதித்தது என்று ஊர் திரும்பிச் சொன்னவரை அறிஞர்கள் நம்ப மறுத்தனர். குளிர்ந்த காற்றடுக்கின்மேல் வெப்பக் காற்றடுக்கு படியும்போது ஒளி வளைந்து, அடிவானத்துக்குக் கீழேயுள்ள சூரியனை மேலே தூக்கிக் காட்டும் என்பது பிற்காலத்தில் புலனாயிற்று. இதற்கு இன்றும் 'நோவயா ஸெம்லியா விளைவு' என்றே பெயர். கண்டதைச் சொன்னவன் பொய்யனாகி, நெடுங்காலத்துக்குப் பின் மெய்யனான இடம் அது.

1896 ஆகஸ்டில் அத்தீவில் ஆங்கிலேயர் மட்டும் இருக்கவில்லை. பிற்காலத்தில் பூகம்ப ஆராய்ச்சியில் பெயர் பெற்ற இளவரசர் போரிஸ் கோலித்சின் முதலியோர் அடங்கிய ரஷ்யக் குழுவினரும் வந்திருந்தனர். ஒன்பதாம் நாள் காலை அங்கே வானம் வழிவிட்டது. சூரியன் தாழ்ந்தே நின்றது; அந்த அட்சரேகையில் அது என்றும் உச்சிக்கு வருவதில்லை. ஒளி மெல்ல மெல்லக் குறைந்தது. பிறை நூலாயிற்று. அந்த நூல் அறுந்த கணத்தில் ஷேக்கிள்டன் காமிராவின் வாயைத் திறந்து மூடினார். அரை வினாடி முந்தியிருந்தால் சூரிய ஒளியே தகட்டை நிறைத்திருக்கும். ஒரு வினாடி பிந்தியிருந்தால் ஆவிப் போர்வையும் மறைந்திருக்கும். மணியைப் பார்த்துச் செய்யும் வேலையன்று அது. கண்ணும் கையும் ஒன்றானால்தான் ஆகும். பிரேசிலில் தவறிப்போன கணத்தை அவர் நோவயா ஸெம்லியாவில் பிடித்துக்கொண்டார். மின்வீச்சு நிறமாலை முதன்முதலாகப் புகைப்படத்தில் விழுந்தது.

ஒட்டேரியாவின் யாத்திரை அத்துடன் முடியவில்லை. ஸர் ஜார்ஜுக்கு மற்றொரு நோக்கமும் இருந்தது. நார்வே நாட்டு வீரர் நான்ஸன், 1893 ஜூனில் 'பிராம்' என்னும் கப்பலில் வட துருவத்தை நோக்கிப் புறப்பட்டவர், மூன்றாண்டாக என்ன ஆனார் என்பதே தெரியவில்லை. அவரைத் தேடிப் பார்க்கவும் ஸர் ஜார்ஜ் எண்ணியிருந்தார். உண்மையில் நான்ஸன் உயிரோடிருந்தார். கப்பலைப் பனியிலே விட்டுவிட்டு, ஜோஹான்ஸன் என்னும் ஒரே துணைவருடன் நாய்வண்டியில் துருவத்தை நோக்கிச் சென்று, 86 பாகைக்கு அப்பாலும் எட்டி, திரும்பும் வழியில் பிரான்ஸ் ஜோசப் தீவில் கற்குடிலில் கரடி இறைச்சி தின்று ஒரு மாரிக்காலம் கழித்து, 1896 ஜூனில் தற்செயலாக ஓர் ஆங்கிலக் குழுவினரைச் சந்தித்தார். ஆகஸ்டு 7ஆம் நாள் 'விண்ட்வர்டு' என்னும் கப்பலில் தாயகம் புறப்பட்டார். அதாவது, கிரகணத்தன்று சந்திரனின் நிழல் பாரென்ட்ஸ் கடலைக் கடந்தபோது, உலகமே தேடிய மனிதர் அதே கடலில் தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். 13ஆம் நாள் வார்டோத் துறைமுகத்தில் இறங்கினார்.

பின்னர் ஹாமர்பெஸ்டு நகரில் ஒட்டேரியாவைச் சந்தித்தார். தேடப் போனவரும் தேடப்பட்டவரும் ஒரே கப்பலில் விருந்துண்டனர். கப்பலை உங்கள் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றார் ஸர் ஜார்ஜ். நான்ஸன் மனத்தில் ஒரே கவலை: பிராம் கப்பலும் அதிலிருந்த தோழரும் என்ன ஆயினர்? 20ஆம் நாள் காலை உறங்கிக்கொண்டிருந்தவரை ஸர் ஜார்ஜ் வந்து எழுப்பினார். தந்தி அலுவலகத் தலைவர் தம் கையாலேயே ஒரு தந்தியைக் கொண்டுவந்திருந்தார். பிராம் பத்திரமாக வந்து சேர்ந்தது என்பது செய்தி. அக்கப்பல் பனியினின்று விடுபட்டதும், நான்ஸன் கரையிறங்கிய அதே ஆகஸ்டு 13ஆம் நாள்தான். கற்பனைக் கதையில் இப்படி எழுதினால் நாம் நம்ப மாட்டோம்.

இதே நான்ஸன் 1894 ஏப்ரல் 6ஆம் நாள், பனியில் உறைந்து நின்ற பிராமிலிருந்து ஒரு கிரகணத்தைப் பார்த்திருக்கிறார். அங்கே அது பூரண கிரகணமன்று. நிறமாலைக்காகவும் அவர் பார்க்கவில்லை. சந்திரன் சூரியனைத் தொடும் கணத்தைக் கொண்டு தம் கடிகாரங்களைச் சரிபார்க்கவே பார்த்தார். பனிவெளியில் கடிகாரம் பிழைத்தால் தாம் நிற்குமிடமே தெரியாமற் போய்விடும்.

ஷேக்கிள்டனின் தகட்டுக்குத் திரும்புவோம். அதில் நூற்றுக்கணக்கான ஒளி வளைவுகள் இருந்தன. கரிய கோடுகளுள் பெரும்பாலானவற்றுக்கு நேரே ஒளிக்கோடுகள் நின்றன. யங் கண்டது கண்மயக்கமன்று என்பது உறுதியாயிற்று. எனினும் லாக்கியரின் வாதமும் முழுவதும் வீழ்ந்துவிடவில்லை. கரிய நிறமாலையில் ஆழ்ந்து தோன்றிய சில கோடுகள் இங்கே மங்கியிருந்தன. அங்கே மெலிந்திருந்த சில இங்கே ஓங்கி நின்றன. ஒன்று மற்றொன்றின் நேர் தலைகீழ் அன்று. கரிய கோடுகள் பெரும்பாலும் சூரியனின் ஒளிமண்டலத்திலேயே உண்டாகின்றன, மின்வீச்சு அதற்கு மேலுள்ள நிறமண்டலத்தின் அடிப்பகுதியிலிருந்து வருகிறது என்பது இன்றைய அறிவு. ஆகவே தனிப்போர்வை ஒன்றுண்டு என்று யங் எண்ணியதும் அப்படியே நிற்கவில்லை. வழக்கில் இருதரப்புக்கும் பாதிப் பாதி என்றுதான் தீர்ப்பெழுத வேண்டும். எனக்கு இதில் வியப்பளிப்பது வேறொன்று. லாக்கியர் வளர்த்த கருவியைக்கொண்டு, லாக்கியரிடம் பயின்ற ஒருவர், லாக்கியர் மேகத்தின் கீழ் நின்ற அதே நாளில், லாக்கியர் மறுத்துவந்த காட்சியைப் படம் பிடித்தார்.

அடுத்த வாய்ப்புக்கு நெடுங்காலம் காத்திருக்க நேரவில்லை. 1898 ஜனவரி 22ஆம் நாள் நிழற்கீற்று நம் நாட்டின் குறுக்கே விழுந்தது. வாட்ஸோவில் ஏமாந்தவர்களுள் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். லாக்கியர் மேற்குக் கடற்கரையில் விஜயதுர்க்கக் கோட்டையில் பாசறை அமைத்தார். இத்தடவை 'மெல்பொமினி' என்னும் கப்பலின் மாலுமிகள் அவரிடம் ஒத்திகை பார்த்தனர். புனாவைச் சேர்ந்த பேராசிரியர் நாயகம்வாலா ஜேயூரில் கருவி அமைத்தார். விதர்ப்பத்தில் தல்னி என்னும் சிற்றூரில் மாண்டர் தம்பதிகளும், ஜான் எவர்ஷெட் என்னும் இளைஞரும் நின்றனர். நம் நாட்டு ஜனவரி வானம் அவர்களை ஏமாற்றவில்லை. எவர்ஷெட்டுக்கு மின்வீச்சு நிறமாலையின் மிகத் தெளிவான படங்கள் கிடைத்தன.

ஒரே பொருள் சூரியனில் ஓரிடத்தில் ஒரு வகையாகவும், சற்று உயரத்தில் வேறு வகையாகவும் ஒளிர்வது ஏன் என்னும் வினா மட்டும் எஞ்சி நின்றது. 1920இல் கல்கத்தாவில் மேகநாத சாகா இதற்கு விடை தந்தார். வெப்பம் மிகுந்தும் அழுத்தம் குறைந்தும் உள்ள இடத்தில் அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கின்றன, இழந்த அணுவின் கோடுகள் வேறு, இழக்காத அணுவின் கோடுகள் வேறு என்று அவர் கணித வாயிலாக நிறுவினார். சூரியனின் நிறமண்டலத்தைப் பற்றிய அக்கட்டுரையிலிருந்தே விண்மீன்களின் வெப்பநிலையை அளக்கும் வழி பிறந்தது.

நோவயா ஸெம்லியாவுக்கு இன்னொரு சூரியனும் வந்தது. 1961 அக்டோபர் 30ஆம் நாள், அன்றைய சோவியத் அரசினர் மனிதன் வெடித்தவற்றிலெல்லாம் மிகப் பெரிய ஹைட்ரஜன் குண்டை அத்தீவின்மீது வெடித்தனர். நெனெட்ஸ் மக்கள் அதற்கு முன்பே அங்கிருந்து அகற்றப்பட்டுவிட்டனர்.

வாட்ஸோவைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. அங்கே மேகத்தின் கீழ் நின்ற கூட்டத்தில் மேரி ஆர் என்னும் மங்கையும் இருந்தார். தென் வானத்து விண்மீன்களைப் பற்றி நூல் எழுதியவர். இத்தாலியக் கவி தாந்தேயிடம் ஈடுபாடு மிக்கவர். கிரகணம் தெரியாமற் போன அந்த யாத்திரையில் அவரும் எவர்ஷெட்டும் அறிமுகமாயினர். 1906இல் மணம் புரிந்துகொண்டு, அடுத்த ஆண்டு இருவரும் நம் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தனர். அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில் 1909 ஜனவரியில் எவர்ஷெட், சூரியக் களங்கங்களின் ஓரத்தில் ஆவி வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று அது இன்றும் பாடநூல்களில் வழங்குகிறது. தாந்தே காலத்து வானநூலைப் பற்றிய தம் நூலை மேரி 1914இல் வெளியிட்டார். 1923 வரை அவர்கள் அம்மலையிலேயே வாழ்ந்தனர். சூரியனைப் பார்ப்பதற்கு அங்கே கிரகணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேகமில்லாத காலை ஒன்று கிடைத்தால் போதும். கொடைக்கானலில் அத்தகைய காலைகள் ஆண்டில் பல உண்டு.